நிறுவனர்கள் பேச ஓர் அறை



ஸ்டார்ட்அப் தொடங்குவோருக்கு மானியமும் பயிற்சியும் கிடைக்கின்றன. மதுரை, திருநெல்வேலி, ஈரோட்டில் தமிழக அரசின் ஸ்டார்ட்அப் டிஎன் அமைப்பின் வட்டார மையங்கள் வந்திருப்பதும் நல்ல காரியம். ஆனால், மாதக் கடைசியில் ஊழியர் சம்பளத்துக்கு வழி தெரியாமல் தவிக்கும் நிறுவனர் யாரிடம் போய்ப் பேசுவார்? வீட்டில் சொன்னால் பயந்துவிடுவார்கள். முதலீட்டாளரிடம் சொன்னால் நம்பிக்கை போய்விடும். அதே பாடுபட்ட இன்னொரு நிறுவனரிடம்தான் மனம்விட்டுச் சொல்ல முடியும்.

அப்படிப் பேசினால் பயனுள்ள விவரங்களும் கிடைக்கும். மத்திய அரசின் உத்யம் தளத்தில் பதிவு செய்த சிறு நிறுவனத்துக்குத் தர வேண்டிய பாக்கியை அதிகபட்சம் 45 நாளுக்குள் தந்தாக வேண்டும் என்கிறது குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான 2006-ஆம் ஆண்டுச் சட்டம். இதுகூடப் பலருக்கு, பாக்கி வராமல் அடிபட்ட ஒருவர் டீக்கடையில் சொல்லித்தான் தெரியவருகிறது.

வட்டார மையங்கள் மாதம் ஒரு மாலை, மேடையும் பொன்னாடையும் இல்லாமல், நிறுவனர்களுக்காகத் தங்கள் அறையைத் திறந்துவிட வேண்டும். நொடித்துப்போய் நிறுவனத்தை மூடியவர்களையும் அவசியம் அழைக்க வேண்டும்.

- ஒரு வாசகர், மதுரை