ஆச்சியின் சங்கிலி முழுகிய கதை

கம்பெனி கணக்கியலில் ஒரு வார்த்தை வரும். ஒறுப்பிழப்பு. பிளஸ் டூவில் தமிழ் வழியில் காமர்ஸ் படித்தவர்களுக்கு இதைச் சொன்னாலே அந்தக் குறிப்பேட்டுப் பதிவுகளெல்லாம் கண் முன்னால் வந்து பயமுறுத்தும். இங்கிலீஷ் மீடியம் ஆட்களுக்கு அது 'ஃபோர்ஃபீச்சர்'. 10 ரூபாய் பங்குக்கு 6 ரூபாய் கட்டிவிட்டு, மீதி 4 ரூபாயைக் கேட்டும் கட்டவில்லை என்றால் கம்பெனி பங்கைப் பிடுங்கிக்கொள்ளும். கட்டிய 6 ரூபாயும் திரும்ப வராது. ஒறுத்தல் என்றால் தண்டித்தல். தண்டனையும் இழப்பும் ஒரே சொல்லுக்குள் வந்துவிட்டது. யார் உருவாக்கினார்களோ, கெட்டிக்காரர்.

ஆனால் தென்காசியில் எந்த அடகுக்கடை வாசலிலும் இந்த வார்த்தையைக் கேட்க முடியாது. அங்கே கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "நகை முழுகிப் போச்சு."

எங்க ஆச்சியின் 3 பவுன் சங்கிலியும் அப்படித்தான் முழுகியது. 2017இல் தாத்தா ஆபரேஷனுக்காக ஊரில் ஒரு நகைக்கடன் ஃபைனான்ஸில் வைத்து 30,000 வாங்கினார்கள். நூற்றுக்கு 2 ரூபாய் வட்டி. வட்டி கட்டுவது நின்று போய் 2019 தொடக்கத்தில் ஒரு பதிவுத் தபால் வந்தது, முழுக்க ஆங்கிலத்தில். வீட்டில் இங்கிலீஷ் மீடியம் நான் ஒருவன்தான், எட்டாங்கிளாஸ். என்னிடம் கொடுத்தார்கள். அதில் ஒரு இடத்தில் 'ஃபோர்ஃபீட்' என்று இருந்தது. டிக்‌ஷனரியைப் புரட்டிப் பார்த்துவிட்டுப் பெரிய மனுஷன் மாதிரி சொன்னேன்: "பணம் கட்டலன்னா நகை போயிரும்னு போட்டிருக்கு ஆச்சி." கட்ட முடியவில்லை. முழுகிவிட்டது. ஆச்சி ரெண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை, அப்புறம் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

நான் இந்த வார்த்தைகளைத் துருவ ஆரம்பித்ததற்குக் காரணம் அந்தத் தபால்தான்.

'ஃபோர்ஃபீட்' பழைய பிரெஞ்சு வழியாக லத்தீனிலிருந்து வந்தது. லத்தீனில் 'ஃபோரிஸ்' என்றால் வெளியே, கதவுக்கு அந்தப்புறம். வரம்புக்கு வெளியே செய்த காரியம், அதாவது குற்றம். முதலில் குற்றத்துக்குப் பெயராக இருந்து, பிறகு அதற்காக இழப்பதற்குப் பெயராகிவிட்டது. நம்ம 'அபராதம்' கதையும் இதுவேதான். சமஸ்கிருதத்தில் அது குற்றம், தமிழுக்கு வந்ததும் 200 ரூபாய் ரசீது! வீட்டுக்கடனில் வரும் 'ஃபோர்குளோஷர்' இருக்கிறதே, அதிலும் அதே கதவு. வெளியே நிறுத்திச் சாத்திவிடுவது.

அரபியைப் பற்றிக் கேட்க, மதரஸாவில் ஓதிய கடையநல்லூர் நண்பன் ஒருவனைப் பிடித்தேன். நாம் சொல்லும் ஜப்தி அரபி வேரில் வந்தது, இறுக்கிப் பிடித்தல் என்று பொருள். முகலாயர், நவாப் காலத்து நிர்வாக மொழி விட்டுப்போன சொல். ஆனால் அடகுக்கு அங்கே வேறு சொல் இருக்கிறதாம். அடகு 'ரஹ்ன்'. கெடு தாண்டி அது கடன் கொடுத்தவனுக்கே சொந்தமாகிவிட்டால் 'கலிக', பூட்டிக்கொண்டது. கதவைப் பூட்டுவதற்கும் இதே வேர்தான் என்றான். எனக்குச் சிலிர்த்துவிட்டது. லத்தீன்காரனுக்கும் கதவு, அரபிக்காரனுக்கும் கதவு!

அவன் சொன்ன அடுத்த விஷயம்தான் முக்கியம். அடகு அப்படிப் பூட்டிக்கொள்ளக் கூடாது என்று நபிமொழி இருக்கிறது. 8ஆம் நூற்றாண்டில் இமாம் மாலிக் தொகுத்த முவத்தாவில் அது உண்டு. கடனைவிட மதிப்புக் கூடின பொருளை வைத்துவிட்டு, 'கெடுவுக்குள் பணம் தராவிட்டால் பொருள் உனக்கே' என்று எழுதிக் கொடுத்தாலும் செல்லாது என்று மாலிக் விளக்கம் சொல்கிறார். கடனைவிட மதிப்புக் கூடின பொருள் என்றால் வேறு என்ன, எங்க ஆச்சி சங்கிலிதான்.

நம் நாட்டுச் சட்டமும் அதே பக்கம்தான். 1872ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 176. பிசினஸ் லாவில் எல்லாரும் மனப்பாடம் செய்து மறந்ததுதான். அடகு பிடித்தவர் நியாயமான அறிவிப்பு கொடுத்துப் பொருளை விற்கலாம். கடன் போக மீதி இருந்தால் வைத்தவருக்குக் கொடுத்தாக வேண்டும். ஒறுப்பிழப்பு பங்குக்கு உண்டு, அடகு நகைக்குக் கிடையாது. நகை விற்கப்படுகிறது, அவ்வளவுதான்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன் (காமர்ஸ் படித்ததற்கு இதுவாவது). அசல் 30,000. 20 மாத வட்டி 12,000. ஆக 42,000. அப்போது பவுன் 24,000க்கு மேல். 3 பவுனுக்குக் கழிவெல்லாம் போக 65,000 என்றே வையுங்கள். மீதி 23,000 ரூபாய். இதை யாரும் கேட்கவில்லை. கேட்கலாம் என்றே எங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை.

ஏன் தோன்றவில்லை? இங்கேதான் எனக்கு நம்ம சொல்லின் மேல் கோபம். கதவு சாத்தினால் சாத்தினவன் ஒருத்தன் இருப்பான், போய்த் தட்டலாம். ஜப்தி என்றால் பிடிக்கிற கை தெரியும். முழுகிப்போச்சு என்றால் யாரைக் கேட்பது? மெயினருவியில் சீசன் கூட்டத்தில் கையைவிட்டுப் போன மோதிரத்துக்கு அருவியிடமா கணக்குக் கேட்க முடியும்? அடகு வைத்த நகையையும் நாம் அந்தக் கணக்கிலேயே சேர்த்துவிட்டோம். விற்றவரும் மறைந்துபோகிறார், விலையும் மறைந்துபோகிறது. 'ஏலம்' என்ற சொல்லையே பாருங்கள். போர்ச்சுகீசியர் வழியாக வந்தது, அதற்குப் பின்னால் இருப்பது அறிவித்தலைக் குறிக்கும் அரபிச் சொல் என்கிறார்கள். அறிவிப்பது என்றால் ஆச்சிக்குப் புரிகிற மாதிரி அறிவிக்க வேண்டாமா?

2025 ஜூனில் ரிசர்வ் வங்கி தங்க நகைக்கடனுக்குப் புது விதிகள் கொண்டுவந்தது. கடன் வாங்கியவரோடு அவர் வட்டார மொழியிலோ அவர் கேட்கும் மொழியிலோ தொடர்புகொள்ள வேண்டும். ஏலப் பணம் முழுதும் வந்த 7 வேலை நாளுக்குள் மீதியைக் கொடுத்துவிட வேண்டும். நல்லதுதான். ஆனால் தமிழில் அனுப்புகிறேன் என்று 'பறிமுதல்' என்றோ 'ஒறுப்பிழப்பு' என்றோ போட்டுவிட்டால் பழைய கதைதான். "உங்கள் நகையை இந்தத் தேதியில் விற்கப் போகிறோம், கடன் போக மீதிப் பணம் உங்களுடையது, வந்து வாங்கிக்கொள்ளுங்கள்" என்று எழுதினால் என்ன குறைந்துபோகும்?

போன மாதம் டிரங்குப் பெட்டியில் அந்தத் தபால் கிடைத்தது. ரெண்டாவது பக்கத்தில், கீழே, பொடி எழுத்தில் ஒரு வரி. ஏலத்தில் உபரி வந்தால் வாடிக்கையாளர் பெற்றுக்கொள்ளலாம் என்று. எட்டாங்கிளாஸில் நான் முதல் பக்கத்தோடு நிறுத்தியிருக்கிறேன்.

ஆச்சியிடம் சொன்னேன். "எய்யா, முழுகுனத எவன் எடுத்திருக்கான்? போய்ப் படிக்கிற சோலியப் பாரு" என்றாள். தபாலை ஜெராக்ஸ் எடுத்து, ஏலக் கணக்கைக் கேட்டு ஒரு கடிதம் எழுதி அந்த ஆபீஸில் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். ஏழு வருஷமாச்சே தம்பி, பழைய கணக்கைத் தேடணும் என்றார்கள். பெற்றுக்கொண்டதற்கு சீல் வைத்து வாங்கி வைத்திருக்கிறேன்.