தாயின் உயிர் ஊசலாடும்போது

ஹட்டன், நுவரெலியா தோட்டங்களில் கொழுந்துக் கூடை சுமக்கும் பெண்களுக்குத் தோள்வலி புதிதல்ல. ஆனால் நாள் தள்ளிப்போய்ச் சில வாரங்களில், அடிவயிற்றில் ஒரு பக்கமாக வலி, மயக்கம், அதோடு தோள் நுனியிலும் வலி என்றால், கூடையின் மேல் பழி போட்டுவிடாதீர்கள். கருப்பைக்குள் தங்க வேண்டிய கரு குழாயிலேயே தங்கி, குழாய் வெடித்து, இரத்தம் வயிற்றுக்குள் கொட்டுவதாலும் இந்த வலி வரும். வெளியே ஒரு சொட்டுகூடத் தெரியாமல் போகலாம். அந்தக் கரு பிழைக்க வழியே இல்லை. உடனே சத்திரசிகிச்சை செய்யாவிட்டால் தாயும் பிழைக்கமாட்டாள்.

லயத்துக் காம்பிராவில் படுக்கவைத்து இஞ்சித் தண்ணீர் கொடுத்துப் பார்க்கிற நேரமா இது?

டாக்டர் சொன்ன பிறகும் சில வீட்டார் தயங்குவார்கள். "கருவை அழிப்பது குற்றமாச்சே" என்பார் ஒருவர். நம் கடைவீதிக் குடும்பங்களில் "ஹராமாச்சே" என்பார்கள். இலங்கையின் 1883ஆம் வருடத் தண்டனைச் சட்டக்கோவை, 303ஆம் பிரிவிலேயே, தாயின் உயிரைக் காக்க நல்லெண்ணத்தோடு செய்வதற்கு விலக்களித்திருக்கிறது. வேறு காரணங்களையும் சேர்க்க 1995இல் வந்த திருத்தம் கைவிடப்பட்டது. இந்த விலக்கை யாரும் தொடவில்லை.

மார்க்கத் தீர்ப்பும் தெளிவானது. மக்காவில் ராபித்தாவின் ஃபிக்ஹு சபை 1990இல் கூடியபோது, 120 நாள் கடந்த கருவைக் குறையுள்ளது என்பதற்காகக்கூடக் கலைக்கக் கூடாதென்று கண்டிப்பாகச் சொன்னது. அதே சபைதான், தாயின் உயிருக்கு ஆபத்து உறுதி என நம்பகமான நிபுணர் குழு தீர்மானித்தால் கலைக்கலாம் என்றும் சொன்னது.

அயர்லாந்தில் 2012இல், 17 வாரக் கர்ப்பிணியான இந்தியப் பல் டாக்டர் ஒருவருக்குக் கரு தங்காது என்று தெரிந்தும், அதன் இதயம் துடிக்கிறதே என்று காத்திருந்தார்கள். கிருமி இரத்தத்தில் பரவி அவர் இறந்தார். 2018இல் மக்கள் வாக்களித்து அந்நாட்டு அரசியல் சட்டத்தையே மாற்றினார்கள்.

எல்லாம் இத்தனை தெளிவாக இருப்பதில்லை. சிறுவயதில் வாதக்காய்ச்சல் வந்து இதய வால்வு பழுதானவளுக்கு, கர்ப்பத்தில் இரத்தத்தின் அளவு ஏறக்குறைய பாதி கூடும்போது மூச்சு முட்டும். கவனமான சிகிச்சையில் நல்லபடியாகப் பெற்றெடுத்தவர்கள் பலர். சிலருக்கு முடியாது. அழுதுகொண்டே சம்மதிக்கும் அந்தத் தாயிடம் நியாயம் பேச அக்கம்பக்கத்தாருக்கு என்ன உரிமை?

இரவென்றாலும் 1990 என்ற இலக்கத்தை அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். டிக்கோயா கிளங்கனில் 2017இல் திறந்த 150 கட்டில் வைத்தியசாலை இருக்கிறது. கிளினிக் அட்டையை மறக்க வேண்டாம். கணவர் கொழும்பில் வேலையென்றால் அவருடைய தொலைபேசி இலக்கத்தை அதன் பின்னால் எழுதிவையுங்கள். சிங்களம் தெரிந்த ஒருவரையும் கூட அனுப்புங்கள். டாக்டர் சொல்வது அவளுக்கே புரியவேண்டும்.