டீசல் வண்டியா, கேஸ் வண்டியா? உங்கள் முதுகிடம் கேளுங்கள்

கொஞ்சம் நீளமான இழை. வேன் வாங்கப் போகிறவர்கள், வாடகைக்கு எடுக்கப் போகிறவர்கள், வீட்டில் வயதானவர்கள் இருப்பவர்கள் பொறுமையாகப் படியுங்கள்.

1.
"டாக்டர், அப்பாவுக்கு டிஸ்க் பிரச்சினை. குடும்பத்துக்கு ஒரு வேன் எடுக்கலாம்னு இருக்கோம். டீசல் வண்டின்னா தூக்கித் தூக்கிப் போடுமாம். கேஸ் வண்டின்னா அலுங்காம போகுமாம். அப்படியா?"

ஓ.பி.யில் அடிக்கடி வரும் கேள்வி இது. கேட்பவர்கள் லட்சக்கணக்கில் கடன் வாங்கி வண்டி எடுக்கப் போகிறவர்கள். அதனால் சுருக்கமான பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முதுகு வலிக்கும் எரிபொருளுக்கும் சம்பந்தம் ரொம்பக் குறைவு. ஸ்பிரிங், டயர், சீட், நீங்கள் உட்காரும் இடம், டிரைவரின் வலது கால். இந்த ஐந்தும்தான் உங்கள் முதுகைத் தீர்மானிக்கின்றன.

எப்படி என்று பார்ப்போம்.

2.
இந்த நம்பிக்கை எங்கிருந்து வருகிறது?

ஒரு காரணம் யூடியூப். அமெரிக்காவில் வீட்டையே வண்டியில் கட்டி ஊர் ஊராகப் போகும் மோட்டார்ஹோம் வீடியோக்களை நம்ம ஊர் இளைஞர்களும் விரும்பிப் பார்க்கிறார்கள். அதில் 'கேஸ் நல்லதா, டீசல் நல்லதா' என்று பெரிய விவாதமே நடக்கும்.

முதல் குழப்பம் அங்கேயே ஆரம்பம். அமெரிக்கர்கள் 'கேஸ்' என்று சொல்வது பெட்ரோலை. நம்ம ஊரில் கேஸ் வண்டி என்றால் சி.என்.ஜி. அல்லது எல்.பி.ஜி.

இரண்டாவது விஷயம் இன்னும் வேடிக்கை. அங்கே விலை உயர்ந்த பெரிய மோட்டார்ஹோம் வைத்திருப்பவர்கள் டீசல்தான் சொகுசு என்கிறார்கள். நம்ம ஊரில் நாம் நம்புவதற்கு நேர் எதிர்!

ஒரே எரிபொருள். அங்கே சொகுசு, இங்கே குலுக்கலா? இரண்டும் எப்படி உண்மையாக இருக்க முடியும்?

3.
இதற்கான விடையை மருத்துவப் படிப்பில் சமூக மருத்துவம் நடத்தும்போதே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். 'கன்ஃபவுண்டிங்' என்று பெயர்.

காபி குடிப்பவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் அதிகம் என்று ஒரு கணக்கு வருகிறது என்று வையுங்கள். உடனே காபிதான் காரணம் என்று சொல்லிவிடக் கூடாது. காபி குடிப்பவர்களில் பலர் கையில் சிகரெட்டும் இருந்திருக்கும். குற்றவாளி சிகரெட். மாட்டிக்கொண்டது காபி.

அமெரிக்க மோட்டார்ஹோமிலும் இதே கதைதான். அங்கே பெட்ரோல் மோட்டார்ஹோம் பெரும்பாலும் லாரி மாதிரியான சேஸிஸில் கட்டப்படுகிறது. எஞ்சின் முன்னால், ஓட்டுநர் காலடியில். பின்னால் லீஃப் ஸ்பிரிங். பெரிய டீசல் மோட்டார்ஹோமுக்கு எஞ்சின் வண்டியின் கடைசியில் இருக்கும், அடியில் ஏர் சஸ்பென்ஷன் இருக்கும்.

சொகுசைக் கொடுத்தது காற்றுப் பை. பெயர் வாங்கியது டீசல்.

4.
நம்ம ஊர் சாட்சி வேண்டுமா?

2001-இல் வால்வோ பஸ் இந்தியாவுக்கு வந்தது. ஆம்னி பஸ்ஸில் போகிறவர்கள் 'வால்வோவா?' என்று கேட்டு டிக்கெட் போடும் பழக்கமே அதன்பிறகு வந்தது. அது டீசல் பஸ்தான். எஞ்சின் பின்னால், ஏர் சஸ்பென்ஷன்.

2024-இல் சென்னையில் மாநகரப் போக்குவரத்துக் கழகம் விட்ட தாழ்தளப் பேருந்துகளும் டீசல்தான். ஏறிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், மாற்றுத்திறனாளிகளும் முதியவர்களும் ஏற வசதியாக வண்டியே ஒரு பக்கம் தாழ்ந்து கொடுக்கும். அதுவும் ஏர் சஸ்பென்ஷன் செய்யும் வேலை.

இன்னொரு பக்கம், அரசுப் போக்குவரத்துக் கழகங்களில் சில டீசல் பஸ்களை சி.என்.ஜி.க்கு மாற்றி ஓட்டிப் பார்க்கிறார்கள். அதே சேஸிஸ், அதே ஸ்பிரிங், அதே சீட். எரிபொருள் மட்டும் வேறு. எஞ்சின் சத்தம் கொஞ்சம் குறையலாம். பள்ளத்தில் இறங்கும்போது விழும் அடி குறைய வாய்ப்பே இல்லை.

5.
"இல்ல டாக்டர், டீசல் வண்டி அதிருதே, கையை வச்சா தெரியுதே?"

தெரியும். டீசல் எஞ்சினில் எரிபொருளைப் பற்ற வைக்க ஸ்பார்க் கிடையாது. காற்றை மிக அதிகமாக அழுத்திச் சூடாக்கி, அந்தச் சூட்டிலேயே டீசல் எரிகிறது. அழுத்தம் திடீரென எகிறுவதால்தான் அந்த 'கடகட' சத்தமும் அதிர்வும்.

ஆனால் கணக்கைப் பாருங்கள். நான்கு சிலிண்டர் டீசல் எஞ்சின் நிற்கும்போது நிமிடத்துக்கு 750 சுற்று சுற்றுகிறது என்று வைப்போம். விநாடிக்குச் சுமார் 25 அதிர்வு. இது கையில் தெரியும், காலில் தெரியும், ஜன்னல் கண்ணாடி கிடுகிடுக்கும். எரிச்சலாக இருக்கும்.

உட்கார்ந்திருக்கும் மனிதனின் முதுகுத்தண்டு அதிகம் ஆடுவது எந்த வேகத்தில் தெரியுமா? மேலும் கீழுமாக விநாடிக்கு 4 முதல் 8 முறை குலுங்கும்போது. ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளினால் வேகம் ஏறுவது போல, இந்த அளவுக் குலுக்கலை உடம்பு இன்னும் பெரிதாக்கிக்கொள்கிறது.

இந்தக் குலுக்கலைக் கொடுப்பது எஞ்சின் கிடையாது. ரோடும், ஸ்பிரிங்கும், சீட்டும்தான்.

6.
லீஃப் ஸ்பிரிங் கெட்டது என்று சொல்லவில்லை. பாரம் தாங்கும், விலை குறைவு, எந்த ஊர்ப் பட்டறையிலும் சரிசெய்யலாம். ஆனால் அது முழுப் பாரத்துக்காகச் செய்யப்பட்டது. வண்டி காலியாகப் போனால் விறைப்பாக நிற்கும்.

பதினைந்து பேர் ஏறும் வேனில் மூன்று பேர் மட்டும் போய்ப் பாருங்கள். தூக்கித் தூக்கிப் போடும். அதே வேன் வேளாங்கண்ணிக்கு ஆளும் பாத்திரமும் அரிசி மூட்டையுமாகப் போகும்போது அமைதியாகப் போகும்.

வேன் சேஸிஸில் கட்டிய ஆம்புலன்ஸுக்கும் இதுதான் சிக்கல். உள்ளே ஒரு நோயாளி, ஒரு உதவியாளர், ஒரு உறவினர். படுத்திருப்பவர் வேறு பின் அச்சுக்குப் பக்கத்தில். மணமேல்குடி, கோட்டைப்பட்டினம் பக்கமிருந்து இடுப்பெலும்பு முறிந்து புதுக்கோட்டை வந்து சேர்பவருக்கு அறந்தாங்கி வரையிலான ஒவ்வொரு வேகத்தடையும் எண்ணிக்கை தெரியும்.

7.
அப்போ மெத்து மெத்தென்று போகும் வண்டிதான் எல்லோருக்கும் நல்லதா?

அதிலும் ஒரு சிக்கல் இருக்கு. ஐந்து விநாடிக்கு ஒரு முறை, பத்து விநாடிக்கு ஒரு முறை என்று மெதுவாக ஆடும் ஆட்டம்தான் வாந்தியைக் கிளப்புவது. ரொம்ப மிருதுவான, உயரமான வண்டி வளைவில் மிதந்து சாயும்போது முதுகுக்குச் சுகம், வயிற்றுக்குக் கஷ்டம்.

பஸ்ஸில் வாந்தி வருபவர்கள் முன்பக்கம் உட்காருங்கள், தூரத்து ரோட்டைப் பாருங்கள், போனைப் பையில் போடுங்கள். மாத்திரை தேவைப்பட்டால் மருத்துவரிடம் கேட்டு, கிளம்புவதற்கு முன்பே போட வேண்டும். வாந்தி வந்தபிறகு போட்டுப் பெரிய பலன் இல்லை. அதில் தூக்கம் வரும். டிரைவர் போடவே கூடாது.

8.
இனி சொல்லப்போவதுதான் இந்த இழையில் முக்கியமானது.

கடைசி சீட்.

பின் அச்சுக்குப் பின்னால் இருக்கும் சீட், சீசாப் பலகையின் நுனி மாதிரி. வேகத்தடையில் பின் சக்கரம் ஏறி இறங்கும்போது நடுவில் இருப்பவர் கொஞ்சம் அசைவார். கடைசி சீட்டில் இருப்பவர் காற்றில் எழும்பிக் கீழே விழுவார். அந்த ஒரே அடியில் முதுகெலும்பு நசுங்கியவர்களைப் பற்றி உலகம் முழுக்க மருத்துவ இதழ்களில் எழுதியிருக்கிறார்கள். விபத்தே நடக்காமல், வண்டியில் ஒரு கீறல்கூட விழாமல்.

மாதவிடாய் நின்ற பெண்கள், 60 வயது தாண்டியவர்கள், வருடக்கணக்கில் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள். இவர்களுக்கு எலும்பு ஏற்கெனவே வலுவிழந்திருக்கும். இவர்களைக் கடைசி சீட்டில் உட்கார வைக்காதீர்கள். இரண்டு அச்சுக்கும் நடுவில் உட்கார வையுங்கள். கோயில் டூர் போகும்போது இளைஞர்கள் பின்னால் போங்கப்பா. அப்பத்தாவுக்கு நடு சீட்டை விடுங்க.

தூக்கிப் போட்டபின் முதுகில் சுரீரென்று வலி வந்து நிற்கவில்லையா? எண்ணெய் தேய்த்து இழுத்துவிட வேண்டாம். எக்ஸ்ரே எடுங்கள். கால் மரத்துப் போனாலோ, பலம் குறைந்தாலோ, சிறுநீர் வராவிட்டாலோ அன்றைக்கே மருத்துவமனைக்கு வந்துவிட வேண்டும்.

9.
கர்ப்பிணிகளுக்கு.

சிக்கல் இல்லாத கர்ப்பத்தில், வண்டி குலுங்கியதால் கரு கலைந்துவிடும் என்ற பயம் வேண்டாம். பயந்துபோய் பரிசோதனைக்கே வராமல் இருப்பதுதான் ஆபத்து. நீண்ட தூரம் போனால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை இறங்கி நடங்கள், காலில் ரத்தம் உறையாமல் இருக்கும். சீட் பெல்ட்டின் கீழ்ப்பட்டை வயிற்றுக்கு அடியில், இடுப்பெலும்பின் மேல் வர வேண்டும். ரத்தக்கசிவு இருப்பவர்கள், நஞ்சு கீழிறங்கி இருக்கிறது என்று சொல்லப்பட்டவர்கள் பயணத்துக்கு முன் மருத்துவரைக் கேளுங்கள்.

10.
சரி, எரிபொருளைப் பார்க்கவே வேண்டாமா? பார்க்க வேண்டும். ஆனால் முதுகுக்காக இல்லை. மூச்சுக்காக.

டீசல் புகை மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012-இல் உறுதியாக வகைப்படுத்தியது. 2020 ஏப்ரலில் வந்த பி.எஸ்.6 விதிக்குப் பிறகு புது டீசல் வண்டிகளில் கரித்துகளைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. பழைய டீசல் வண்டியைவிட சி.என்.ஜி. கரித்துகளை மிகக் குறைவாக வெளியிடும். வீட்டில் ஆஸ்துமா குழந்தை இருந்து, வாசலிலேயே வண்டி நின்று உறுமும் என்றால், எரிபொருளை யோசிக்க அது நியாயமான காரணம்.

11.
இன்னொரு காரணம் உயிர் சம்பந்தப்பட்டது.

2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில், சாலையோரம் நிறுத்தியிருந்த கேரவனுக்குள் இருவர் இறந்து கிடந்தார்கள். காரணம் ஜெனரேட்டரிலிருந்து உள்ளே புகுந்த கார்பன் மோனாக்சைடு. நிறம் இல்லை, வாசனை இல்லை. தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். டீசல், பெட்ரோல், கேஸ் எதுவாக இருந்தாலும் எஞ்சினையோ ஜெனரேட்டரையோ ஓடவிட்டு, ஏசி போட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வண்டிக்குள் தூங்காதீர்கள்.

2023 ஆகஸ்டில் மதுரையில் நின்றிருந்த சுற்றுலா ரயில் பெட்டி தீப்பிடித்து 9 பேர் இறந்தது நினைவிருக்கும். உள்ளே கொண்டுவந்த கேஸ் சிலிண்டர்தான் காரணம். சபரிமலை, பழனி என்று வேனில் அடுப்பும் சிலிண்டரும் ஏற்றிப் போகும் பழக்கம் நம்மிடமும் உண்டு. வண்டிக்குள் வைத்துச் சமைக்காதீர்கள். வீட்டு சிலிண்டரை வண்டி ஓட்ட மாட்டிக்கொடுக்கும் ஆட்களிடம் போகவே போகாதீர்கள்.

12.
வண்டி வாங்கும் முன் என்ன பார்க்கலாம்?

— ஷோரூம் வாசலில் ஒரு ரவுண்டு போதாது. உங்கள் ஊர் ரோட்டில், வீட்டில் எத்தனை பேரோ அத்தனை பேரையும் ஏற்றி ஓட்டிப் பாருங்கள்.
— முதுகு வலிக்காரர் எந்த சீட்டில் உட்காருவாரோ அங்கே நீங்கள் உட்காருங்கள்.
— டயரில் காற்று, கதவோரம் ஒட்டியிருக்கும் அளவுப்படி. அதிகம் அடித்தால் கல்லாகிவிடும்.
— ஷாக் அப்சார்பரில் எண்ணெய் கசிந்தால் மாற்றுங்கள். முதுகுக்குப் போடும் ஊசியைவிட அது மலிவு.
— சீட் ஸ்பாஞ்ச் உட்கார்ந்துவிட்டதா பாருங்கள்.
— சி.என்.ஜி. என்றால் சிலிண்டர் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். 200 பார் அழுத்தம் தாங்கும் கனமான சிலிண்டர் அது. சக்கர நாற்காலி வைக்க இடம் இருக்குமா என்று பாருங்கள்.

13.
கடைசியாக, அரசுக்கும் ஊராட்சிக்கும் என் கருத்து.

ஐரோப்பாவில் தொழிலாளியின் உடம்பு ஒரு நாளில் எவ்வளவு குலுங்கலாம் என்பதற்கு 2002-லேயே சட்ட வரம்பு வைத்துவிட்டார்கள். நம்ம ஊரில் முப்பது வருடம் பஸ் ஓட்டி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு வரும் டிரைவர் அண்ணனிடம் 'வயசாயிடுச்சுல்ல' என்கிறோம். சூடான எஞ்சின் போனட் பக்கத்தில், விறைத்த சீட்டில் உட்கார்ந்தது யார் கணக்கில்?

பஸ்ஸும் ஆம்புலன்ஸும் வாங்கும்போது எந்த எரிபொருள், எத்தனை மைலேஜ் என்று கேட்பதோடு, எந்த சஸ்பென்ஷன், டிரைவருக்கு என்ன சீட் என்றும் கேட்க வேண்டும். பஸ் பாடி கட்டும் கரூர் நம்ம பக்கத்திலேயே இருக்கிறது. கேட்டால் செய்து கொடுக்கக் கூடியவர்கள்தான்.

வேகத்தடைக்கும் அளவு உண்டு. இந்திய சாலைக் கழக வழிகாட்டுதல் சொல்வது 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம். அதாவது நாலு அங்குல உயரத்துக்குப் பன்னிரண்டு அடி அகலம். நம்ம தெருக்களில் இருப்பது பல இடங்களில் ஒரு சாண் உயரம், ஒரு முழ அகலம். பெயின்ட் கூட கிடையாது. அது வேகத்தைத் தடுக்கிறது, கூடவே முதுகையும் உடைக்கிறது. உங்கள் ஊரில் அப்படி ஒன்று இருந்தால் அடுத்த கிராம சபையில் எழுந்து சொல்லுங்கள். நெடுஞ்சாலைத் துறை ரோடு என்றால் மனுவாகக் கொடுங்கள்.

ரோட்டைச் சரிசெய்து கொடுத்தால் எந்த வண்டியும் சொகுசு வண்டிதான்.

சந்தேகம் இருந்தால் கீழே கேளுங்கள். டூட்டி முடிந்து வந்து பதில் சொல்கிறேன்.



அரசு மருத்துவர்,
புதுக்கோட்டை மாவட்டம்