செப்டம்பர் 8: வேளாங்கண்ணியா, பாந்த்ராவா?

மாதாவின் பிறந்த நாள் செப்டம்பர் 8. அந்நாளை ஒட்டித்தான் நாகப்பட்டினத்தை அடுத்த வேளாங்கண்ணியிலும், மும்பையில் பாந்த்ரா மலை மீதுள்ள மவுண்ட் மேரி கோயிலிலும் திருவிழா நடைபெறுகிறது. மும்பை வாழ் தமிழ்க் குடும்பம் இவற்றில் எதற்குப் போவது என்பதைப் பக்தி மட்டும் முடிவு செய்வதில்லை. ரயில்வே ரிசர்வேஷன் கவுண்டரும் சேர்ந்தே முடிவு செய்கிறது.

வேளாங்கண்ணியில் ஆகஸ்டு 29 கொடியேற்றம். செப்டம்பர் 7 அன்று பெரிய தேர்ப்பவனி. அதைக் காண விரும்பும் மும்பைத் தொழிலாளி 5-ஆம் தேதியாவது வண்டி ஏற வேண்டும். முன்பதிவுக் காலம் 120 நாளாக இருந்தபோது, இந்தப் பயணத்துக்கான ரிசர்வேஷன் மே 8-ஆம் தேதியே திறந்துவிடும். மே மாதமோ பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை ஊருக்கு அழைத்துப் போகும் மாதம். அந்தச் செலவுக்கே கடன் வாங்கியவன், நான்கு மாதம் கழித்துப் போகவேண்டிய யாத்திரைக்கு எங்கிருந்து பணம் புரட்டுவான்? அப்போது லீவு கிடைக்குமா என்பதும் அவனுக்குத் தெரியாது. முதல் நாளே டிக்கெட்டைப் பிடித்து வைத்தவர்கள் யார் என்பதை விளக்கத் தேவையில்லை.

2024 நவம்பர் 1 முதல் முன்பதிவுக் காலம் 60 நாளாகக் குறைக்கப்பட்டது. இப்போது அதே பயணத்துக்கு ஜூலை 7-இல்தான் கவுண்டர் திறக்கும். ஜூன் மாதப் பள்ளிச் செலவு முடிந்து, ஒரு சம்பளமும் கைக்கு வந்திருக்கும். மாதச் சம்பள குமாஸ்தாவுக்கு இது மெய்யான உதவி. ஆனால் இடங்களின் எண்ணிக்கை கூடிவிடவில்லை. கூட்டம் இரண்டு மாதம் தள்ளி முண்டுகிறது, அவ்வளவுதான். தட்கல் டிக்கெட்டை இணையம் வழியாக எடுக்க 2025 ஜூலை முதல் ஆதார் சரிபார்ப்பு கட்டாயமாக்கப்பட்டது. இடைத்தரகர்களுக்கு இது தடை என்பது சரியே. எனினும் ஆதாருடன் இணைத்த செல்போன் எண்ணை மாற்றிவிட்ட கூலித் தொழிலாளியும் அதே தடையில் மாட்டிக்கொள்கிறான்.

இப்படி டிக்கெட் கிடைக்காதவர்களுக்கு இருக்கும் புகலிடம் பாந்த்ரா. தாராவியிலிருந்து பஸ் ஏறினால் சிறிது நேரத்தில் மலையடிவாரம். செப்டம்பர் 8-ஐ அடுத்த ஞாயிறு தொடங்கி ஒரு வாரம் அங்கு பெரிய சந்தை கூடும். கொரோனா காரணமாக 2020-இலும் 2021-இலும் அது நடைபெறவில்லை.

பாந்த்ரா மாதாவின் சுரூபம் 16-ஆம் நூற்றாண்டில் இயேசு சபைக் குருமார் போர்ச்சுகல்லிலிருந்து கொண்டுவந்தது என்பர். 1700-இல் வந்த கொள்ளையர், கையிலிருந்த பொருளைத் தங்கமென எண்ணி வலக்கையையே வெட்டிச் சென்றனர் என்பது மரபு. பின்னர் கோயில் அழிந்து, கடலில் கிடந்த சுரூபத்தை மீனவர் கண்டெடுத்ததாகவும் கதை உண்டு. கோலி மீனவர்களுக்கு அவள் ‘மோத் மாவுலி’. 1904-இல் எழுந்த இன்றைய கோயிலுக்கு வரைபடம் போட்டவர் ஒரு பார்சி. வாசலில் மெழுகால் செய்த கை, கால், குழந்தை, வீடு எல்லாம் விற்பனைக்கு இருக்கும். வேளாங்கண்ணியில் வெள்ளியிலும் தங்கத்திலும் செலுத்தும் நேர்ச்சை இங்கே மெழுகில். வாடகைக் குடித்தனக்காரர்கள் நிறைந்த மும்பையில் மெழுகு வீட்டுக்குக் கிராக்கி இருப்பதில் என்ன வியப்பு?

இரு தலங்களிலும் வரிசையில் நிற்பவர்களில் பெருந்தொகையினர் கிறிஸ்தவர் அல்லர். வேளாங்கண்ணியில் மாதாவின் குழந்தைக்குப் பால் கொடுத்த சிறுவனே இந்து என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. 2024 ஆகஸ்டு 1 தேதியிட்டு, ரோமாபுரியில் உள்ள விசுவாசக் கோட்பாட்டுத் துறை தஞ்சாவூர் ஆயருக்கு எழுதிய கடிதம் இவ்விஷயத்தில் குறிப்பிடத்தக்கது. பிற மதத்தவர் அங்கு வந்து ஆறுதல் தேடுவதை மதக் கலப்பு என்று கொள்ளலாகாது என அது தெளிவுபடுத்தியது. மொட்டை போட்டு, காவிப் புடவை கட்டி நடந்து வருபவர்கள் எந்த அனுமதிக்கும் காத்திருந்தவர்கள் அல்லர். ஆனால் மதத்தின் பெயரால் கோடு கிழிப்பவர்கள் பெருகிவரும் காலத்தில், அதிகாரபூர்வமாக ஒரு வார்த்தை எழுத்தில் இருப்பது நல்லதே.

நாகப்பட்டினம் – வேளாங்கண்ணி ரயில் பாதை 2010 டிசம்பரில் திறக்கப்பட்டது. விழாக் காலத்தில் பாந்த்ரா முனையத்திலிருந்து வேளாங்கண்ணிக்கே சிறப்பு ரயில் விடப்பட்டதும் உண்டு. பாதையும் உண்டு, பயணியும் உண்டு. குறை, அறிவிப்பு வரும் நேரத்தில்தான். ஆகஸ்டில் வரும் அறிவிப்பு, மேற்பார்வையாளரிடம் முன்கூட்டியே லீவு சொல்லவேண்டிய மில் தொழிலாளிக்கோ ஓட்டல் தொழிலாளிக்கோ பயன்படாது. ஜூலை முதல் வாரத்திலேயே, வழக்கமான வண்டிகளுக்கு ரிசர்வேஷன் திறக்கும்போதே, சிறப்பு ரயிலின் தேதியும் கட்டணமும் வெளியாக வேண்டும். மும்பையிலுள்ள தமிழ்ச் சங்கங்களும் பங்குக் கோயில்களும் ஒன்றுசேர்ந்து இந்தக் கோரிக்கையை மே மாதத்திலேயே ரயில்வேக்கு எழுதிக் கொடுக்கலாம்.