அந்த அறுபது நாட்கள்

"நடவுக்கு ஆள் கிடைப்பதில்லை, எல்லாம் இந்த நூறு நாள் வேலையால்தான்." காவிரிப் படுகைக் கிராமங்களில் இந்தக் குறையை நாம் கேட்காத ஆண்டில்லை. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதிய ஊரக வேலைச் சட்டம் அதற்குச் செவிசாய்த்திருக்கிறது. 2005-ஆம் ஆண்டுச் சட்டம் தந்த 100 நாட்களை இது 125 ஆக உயர்த்துகிறது. கூடவே, விதைப்பும் அறுவடையும் மும்முரமாக நடக்கும் காலத்தில், ஆண்டில் மொத்தம் 60 நாட்கள் இந்த வேலையை நிறுத்திவைக்கவும் சொல்கிறது.

அந்த நாட்களில் பெண்கள் வயலுக்குப் போவார்கள் என்பது எதிர்பார்ப்பு. வயலில் அவர்களுக்கு வேலை இருக்கிறதா?

நாற்றுப் பறிப்பு, நடவு, களையெடுப்பு எல்லாம் பெண்களின் கைவேலையாக இருந்தன. அறுப்பிலும் ஆண்களோடு நின்றார்கள். அந்தக் கூலி நெல்லாகவே வீடு வந்தது. இன்று அறுவடை இயந்திரம் ஓர் ஏக்கரை ஓரிரு மணி நேரத்தில் முடித்துவிடுகிறது. அதை ஓட்டுபவர் ஆண். நடவு இயந்திரம், நேரடி விதைப்பு, களைக்கொல்லி என்று மற்ற வேலைகளும் ஒவ்வொன்றாகக் கைநழுவுகின்றன. விவசாயியை நாம் குறை சொல்லவில்லை. நெல் விற்ற பணம் செலவுக்கே போதாதபோது அவர் வேறென்ன செய்வார்? ஆள் இல்லை என்று அவர் சொல்வதும் பொய்யன்று. ஆற்றில் தண்ணீர் வந்ததும் எல்லோருக்கும் ஒரே வாரத்தில் ஆள் வேண்டும். பிறகு மாதக்கணக்கில் யாருக்கும் வேண்டாம்.

தமிழகத்தில் நூறு நாள் வேலை நாட்களில் 80 விழுக்காட்டுக்கும் மேல் பெண்கள் செய்தவை. ஆண்கள் கட்டட வேலைக்கும் திருப்பூருக்கும் போனார்கள். பிள்ளைகளையும் முதியோரையும் ஆடுமாடுகளையும் விட்டுப் பெண்களால் போக முடியவில்லை. ஏரிக்கரையில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி. வயலில் என்றுமே அப்படி இருந்ததில்லை. (2025 தொடக்கத்தில் அந்தக் கூலியே மாதக்கணக்கில் நிலுவையில் நின்றது வேறு கதை.)

எந்த 60 நாட்கள் என்பதை மாநில அரசு முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். பகுதிக்குப் பகுதி அது வேறுபடவும் சட்டம் இடம் தருகிறது. அப்படியானால் முதலில் ஒரு கணக்கு வேண்டும். சென்ற சம்பாவில் நம் ஊரில் எத்தனை ஏக்கர் கையால் நடப்பட்டது? ஒரு பெண்ணுக்கு எத்தனை நாள் கூலி கிடைத்தது? நம் பங்குகளில் உள்ள மகளிர் குழுக்கள் ஒரே மாலையில் இதை எழுதி முடித்துவிடும். கிராம சபையில் வைக்க அந்தத் தாள் போதும்.