டிக்கன்ஸின் கோபத்துக்குச் சாட்சிகள் இருந்தன

1850-ஆம் ஆண்டு, லண்டன் நகரின் முன்னாள் மேயர் சர் பீட்டர் லாரி ஒரு கூட்டத்தில் அடித்துச் சொன்னார்: ஜேக்கப்ஸ் தீவு என்றொரு சேரி கிடையவே கிடையாது, அது சார்லஸ் டிக்கன்ஸின் கதையில் மட்டுமே இருக்கிறது. அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் தேம்ஸ் நதியின் தென்கரையில் இருந்த அந்தச் சேரியில் காலரா புகுந்து ஆட்களை வாரிக்கொண்டு போயிருந்தது. கழிப்பறைக் கழிவு விழும் ஓடையிலேயே மக்கள் குடிதண்ணீர் மொள்வதைப் பத்திரிகையாளர் ஹென்றி மேஹ்யூ நேரில் பார்த்து எழுதியும் இருந்தார்.

டிக்கன்ஸ் சும்மா விடவில்லை. 'ஆலிவர் ட்விஸ்ட்' நாவலின் மலிவுப் பதிப்புக்கு எழுதிய முன்னுரையில் லாரியைப் பிடித்துக்கொண்டார். கதையில் வந்த இடமெல்லாம் இல்லாத இடம் என்றால், புத்தகத்தில் இடம்பெற்ற சர் பீட்டர் லாரியும் இல்லாத ஆளாகத்தானே இருக்க வேண்டும் என்று கேட்டார். 1844-ல் வெளியான 'தி சைம்ஸ்' குறுநாவலில் லாரியை அவர் ஏற்கெனவே நையாண்டி செய்திருந்தார் என்பது ஊருக்கே தெரியும்.

டிக்கன்ஸைப் பற்றிப் பேசும்போது இரக்கம், மனிதநேயம் என்ற சொற்கள் தாராளமாக வந்து விழுகின்றன. விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் இரக்கத்துக்குப் பஞ்சமே இல்லை. தர்ம ஸ்தாபனங்கள் தெருவுக்குத் தெரு இருந்தன. டிக்கன்ஸிடம் கூடுதலாக இருந்தது செய்தியாளரின் பழக்கம். நாவலுக்கு வருமுன் அவர் சுருக்கெழுத்து கற்று, நாடாளுமன்ற விவாதங்களைக் குறிப்பெடுத்துப் பிழைத்தவர். ஏழைகளைப் பற்றிக் கனவான்கள் என்ன பேசுவார்கள், எந்தத் தொனியில் பேசுவார்கள் என்பதை அருகில் இருந்து கேட்ட காது அது.

1834-ல் புதிய ஏழையர் சட்டம் நிறைவேறியது. உதவி வேண்டுமா, 'ஒர்க்ஹவுஸ்' என்ற ஏழையர் விடுதிக்குள் வா என்றது சட்டம். உள்ளே வாழ்க்கை, வெளியே உள்ள கடைநிலைக் கூலியாளின் வாழ்க்கையைவிட மோசமாக இருக்க வேண்டும் என்பது அதன் அறிவிக்கப்பட்ட கொள்கை. கணவனை ஒரு பக்கம், மனைவியை ஒரு பக்கம், பிள்ளைகளை வேறு பக்கம் பிரித்துப் போட்டார்கள். சட்டம் வந்து மூன்றாண்டுகளுக்குள், 1837-ல், இன்னும் கொஞ்சம் கஞ்சி கேட்ட சிறுவன் ஆலிவர் ட்விஸ்டின் கதை மாத இதழில் தொடராக வரத் தொடங்கியது. மிகைப்படுத்துகிறார் என்று முணுமுணுத்தவர்கள் இருந்தார்கள். 1845-ல் ஆண்டோவர் நகர விடுதியின் சங்கதி அம்பலமானது: உரத்துக்காக எலும்பு உடைக்கும் வேலை தரப்பட்டவர்கள், அந்த எலும்புகளில் ஒட்டியிருந்ததைப் பசியில் சுரண்டித் தின்றிருந்தார்கள். நாவல் சொன்னதைவிட நிஜம் கொடியதாக இருந்தது.

யார்க்ஷயர் விடுதிப் பள்ளிகளின் கதையும் இப்படித்தான். அந்தப் பள்ளிகள் பத்திரிகைகளில் விளம்பரம் செய்தன. அவற்றில் பெருமையாகச் சொல்லப்பட்ட ஒரு வசதி, விடுமுறை கிடையாது என்பது. வேண்டாத பிள்ளையைக் கண்காணாத இடத்துக்கு அனுப்ப நினைத்த பெரியவர்களுக்கு இதன் பொருள் சட்டென்று புரிந்தது. 1838-ன் குளிர்காலத்தில் டிக்கன்ஸ் தம் ஓவியர் ஹாப்லட் பிரவுனோடு அங்கே போனார். கைம்பெண் ஒருவரின் மகனுக்குப் பள்ளி தேடுவதாகச் சாக்கு வைத்துக்கொண்டார். போஸ் என்ற ஊரில் அவர் பார்த்த பள்ளியின் உரிமையாளர் வில்லியம் ஷா மீது 1823-லேயே வழக்கு நடந்திருந்தது. அங்கே கவனிப்பின்றிச் சிறுவர்கள் பார்வை இழந்திருந்தார்கள். வழக்கு முடிந்த பின்னும் பள்ளி நடந்துகொண்டுதான் இருந்தது. நீதிமன்றத் தீர்ப்பால் அசையாத அந்தத் தொழிலை 'நிக்கோலஸ் நிக்கில்பி' அசைத்தது. நாவல் வந்த சில ஆண்டுகளில் அத்தகைய பள்ளிகள் பலவும் மூடப்பட்டன.

1843-ல் பட்டறைகளிலும் தொழிற்சாலைகளிலும் வேலை செய்த குழந்தைகளைப் பற்றி அரசு ஆணையத்தின் அறிக்கை வந்தது. குழந்தைகளையே உட்கார வைத்துக் கேட்டு எழுதிய வாக்குமூலங்கள் அதில் இருந்தன. படித்துக் கொதித்த டிக்கன்ஸ் முதலில் துண்டுப் பிரசுரம் எழுதத்தான் எண்ணினார். பிறகு மனம் மாறி 'எ கிறிஸ்துமஸ் கேரல்' எழுதினார். டிசம்பர் 19-ல் வெளியான புத்தகத்தில் 6,000 பிரதிகள் கிறிஸ்துமஸுக்குள் தீர்ந்தன. அறிக்கையைவிடக் கதையே வலியது என்று காட்ட இந்த நிகழ்ச்சியை இலக்கியவாதிகள் ஆசையோடு எடுத்துச் சொல்வார்கள். பாதிதான் சரி. அந்த அறிக்கை இல்லையென்றால் அந்தக் கதையும் இல்லை. (புத்தகத்தின் விலை 5 ஷில்லிங். 12 வயதில் டிக்கன்ஸ் பூட்ஸ் பாலிஷ் கம்பெனியில் லேபிள் ஒட்டி வாரம் முழுக்கச் சம்பாதித்ததே ஏறக்குறைய 6 ஷில்லிங்.)

அந்தக் கம்பெனி வேலையையும், கடனுக்காகத் தந்தை மார்ஷல்சீ சிறையில் கிடந்ததையும் சொல்லி அவருடைய எழுத்து முழுவதையும் விளக்கிவிடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. பட்ட துன்பம் எல்லாரையும் எழுத்தாளர் ஆக்குவதில்லை. தவிரவும், அவர் உயிரோடு இருந்தவரை அந்த ரகசியம் வாசகர்களுக்குத் தெரியாது. நண்பர் ஜான் ஃபாஸ்டர் எழுதிய வாழ்க்கை வரலாறு 1872 முதல் வெளிவந்தபோதுதான் வெளியுலகம் அறிந்தது. அனுதாபம் கேட்காமலே அவர் வென்றிருக்கிறார்.

ஆரம்ப நாவல்களில் கொடுமைக்காரருக்கு ஒரு முகம் உண்டு. அவரை அடித்து விரட்டினால் கதை முடியும். 1852-ல் தொடங்கிய 'பிளீக் ஹவுஸ்' அப்படியல்ல. சொத்து வழக்கு தலைமுறைகளாக இழுத்து, கடைசியில் செலவே சொத்தை விழுங்கி முடிகிறது. குற்றவாளி என்று யாரையும் சுட்ட முடியாது. வக்கீல்கள் அவரவர் வேலையைத்தான் செய்கிறார்கள். வழக்கில் சிக்கிய சேரியில் கிளம்பும் நோய், தெரு பெருக்கும் ஜோ என்ற சிறுவன் வழியாகக் கண்ணியமான வீட்டுக்குள்ளும் நுழைகிறது. டிக்கன்ஸின் உச்சம் இதுதான் என்பதில் ஐயமில்லை.

குறைகளும் சின்னவை அல்ல. 'ஹார்டு டைம்ஸ்' நாவலுக்காக 1854-ல் பிரெஸ்டன் வேலைநிறுத்தத்தை நேரில் பார்த்தவர், அங்கே கண்ட ஒழுங்கைப் பத்திரிகையில் மதித்து எழுதிவிட்டு, நாவலில் தொழிற்சங்கத் தலைவரை வெறும் வாய்வீச்சுக்காரராக ஆக்கினார். சிக்கல் முற்றினால் ஒரு நல்ல பணக்காரர் வந்து தீர்ப்பது அவருக்குப் பிடித்த வழி. இந்தியர்கள் மறக்கக் கூடாத ஒன்றும் உண்டு. 1857 கிளர்ச்சிச் செய்திகள் வந்தபோது, தாம் இந்தியாவில் தளபதியாக இருந்தால் அந்த இனத்தையே ஒழித்துக்கட்ட முயல்வேன் என்று தோழி ஏஞ்சலா பர்டெட்-கூட்ஸுக்குக் கடிதம் எழுதினார். லண்டன் சேரிச் சிறுவனுக்காகத் துடித்த நெஞ்சு, கடல் தாண்டியதும் கல்லாகிவிட்டது. இதை மூடிமறைத்து அவரைக் கொண்டாட வேண்டியதில்லை.

சட்டங்களை அவர் மாற்றினார் என்பதும் மிகை. கடனுக்குச் சிறை என்பதற்கு 1869-ல் பெருமளவு முடிவு கட்டப்பட்டது. ஏழையர் சட்டத்தின் கடைசி எச்சம் நீங்க 1948 வரை ஆனது. ஆனால் தெரியாது, பார்க்கவில்லை என்று சொல்லும் வசதியை மேட்டுக்குடியிடமிருந்து அவர் பறித்தார்.

பள்ளியில் நான்-டீடெய்ல் புத்தகமாகச் சுருக்கிய டிக்கன்ஸை மட்டும் படித்தவர்கள், 'லிட்டில் டோரிட்' நாவலில் முதல் பாகத்தின் 10-ஆம் அத்தியாயத்தை முழுதாக வாசித்துப் பாருங்கள். எந்தக் காரியத்தையும் எப்படிச் செய்யாமல் இருப்பது என்பதிலேயே கைதேர்ந்த ஓர் அரசு அலுவலகம் அதில் வருகிறது.