வளத்துக்காகத்தான் படையெடுக்கிறார்களா?

பலமான நாடு ஒன்று பக்கத்து நாட்டுக்குள் படையை அனுப்பினால் நம்மிடையே தயாராக ஒரு விளக்கம் இருக்கும்: "அங்கே எண்ணெயோ கனிமமோ இருக்கும், அதற்குத்தான் போகிறார்கள்." கேட்பதற்குக் கச்சிதமான இந்த விளக்கம், காட்டப்படும் சான்றுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தால் தேறாது.

முதல் வாதம்: 1987இல் இந்தியப் படை இலங்கைக்குப் போனது திருகோணமலை எண்ணெய்க் குதங்களுக்காக, அதாவது சேமிப்புக் கிடங்குகளுக்காக.

இந்தியப் பிரதமர் ராஜீவ் காந்தியும் இலங்கை அதிபர் ஜெயவர்த்தனாவும் அவ்வாண்டு இந்திய-இலங்கை ஒப்பந்தத்தோடு பரிமாறிக்கொண்ட கடிதங்களில் குதங்கள் வருவது உண்மைதான். இரு நாடுகளும் கூட்டாக அவற்றைச் சீரமைக்கும் என்று அங்கே இருக்கிறது. ஆனால் அதன் முன்னும் பின்னும் இருப்பவற்றையும் படிக்க வேண்டும். இலங்கையில் இருக்கும் வெளிநாட்டு ராணுவ, உளவு ஆட்கள் பற்றி உடன்பாடு காண வேண்டும். திருகோணமலை உட்பட எந்தத் துறைமுகத்தையும் இந்திய நலனுக்குக் கேடாக வேற்று நாட்டு ராணுவத்துக்குத் தரக்கூடாது. வெளிநாட்டு வானொலி நிலையங்கள் உளவுக்குப் பயன்படக்கூடாது. இவற்றோடு, இலங்கைத் தமிழ் அகதிகள் வருகையும் தமிழ்நாட்டின் அழுத்தமும் டெல்லியை நெருக்கின. அந்நியர் காலூன்றிவிடுவார்களோ என்ற பயமும் சேர்ந்துகொண்டது. குதங்கள்தான் குறி என்றால், படை அங்கே இருந்தபோதே கைக்கொண்டிருக்கலாமே? படை 1990 மார்ச்சில் திரும்பிவிட்டது. இந்தியன் ஆயிலின் இலங்கை நிறுவனம் அங்கே நுழைந்தது 2003இல்தான்.

இரண்டாம் வாதம்: லாபம் இல்லாமல் யாரும் போரில் இறங்க மாட்டார்கள்.

1978 டிசம்பரில் வியட்நாம் கம்போடியாவுக்குள் நுழைந்தபோது அங்கே என்ன இருந்தது? பட்டினியும் புதைகுழிகளும். வியட்நாமிலேயே சோற்றுக்குத் தட்டுப்பாடு. அவ்வாண்டு ஏப்ரலில் வியட்நாமின் எல்லையோரப் பா சுக் கிராமத்தில், கம்போடியாவை ஆண்ட கெமர் ரூஜ் படையினர் 3,000க்கும் மேற்பட்ட வியட்நாமியரைக் கொன்றிருந்தார்கள். கெமர் ரூஜுக்குப் பின்னால் நின்றது சீனா. தென்மேற்கே ஒரு பகை, வடக்கே அதன் புரவலன் என்று இரு பக்கமும் மாட்டிக்கொள்வோமோ என்பது வியட்நாம் தலைநகர் ஹனோயின் கவலை. படையெடுப்பால் வந்த லாபம் என்ன? 1979 பிப்ரவரியில் சீனா தாக்கியது, பல நாடுகளின் உதவிகள் நின்றன, படை 1989 வரை அங்கேயே முடங்கியது.

மூன்றாம் வாதம்: காங்கோவைப் பாருங்கள், கோல்டான் கனிமத்துக்காகத்தானே ருவாண்டா போனது?

வளவாதத்துக்கு இருப்பதிலேயே வலுவான சான்று இதுதான். கொள்ளை நடந்ததை ஐ.நா. நிபுணர் குழு 2001இல் பதிவு செய்திருக்கிறது. ஆனால் காலவரிசையைக் கவனிக்க வேண்டும். ருவாண்டாவில் 1994 இனப்படுகொலையை நடத்தியவர்கள் அகதிகளோடு அகதிகளாக எல்லை தாண்டி, காங்கோவின் கோமா நகரைச் சுற்றிய முகாம்களில் ஆயுதத்தோடு இருந்தார்கள். அங்கிருந்து ருவாண்டாவுக்குள் வந்து தாக்கினார்கள். ருவாண்டா 1996இல் உள்ளே போனது அதனால்தான். கோல்டான் விலை எகிறியது 2000இல். போனதற்குக் காரணம் அச்சம், தங்கியதற்குக் காரணம் ஆதாயம். 'பெரிய மீன் சின்ன மீனை விழுங்கும்' என்ற கணக்கும் இங்கே பொய்க்கிறது: காங்கோவின் பரப்பு ருவாண்டாவைப் போல் ஏறத்தாழ 90 மடங்கு. எல்லையைக் காக்க முடியாத அரசு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் பலவீனமானதுதான்.

நான்காவதாக ஒன்று கேட்பார்கள்: அச்சம்தான் காரணம் என்றால் படையெடுப்பு நியாயமாகிவிடாதா?

ஆகாது. 1987 அக்டோபர் 21, தீபாவளி நாள். யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் இந்தியப் படை நுழைந்தபோது மருத்துவர்களும் செவிலியரும் நோயாளிகளும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அமைதி காக்கப் போன அந்தப் படையும் ஏறத்தாழ 1,200 வீரர்களை இழந்தது. காரணத்தைச் சரியாகச் சொல்வது வேறு, செயலுக்கு வக்காலத்து வாங்குவது வேறு.

காரணத்தைத் தவறாகச் சொன்னால் தீர்வும் தவறும். வளத்துக்கு வந்தவனை ஒரு குத்தகை கொடுத்து அனுப்பிவிடலாம். அச்சத்தில் வந்தவனுக்கு எவ்வளவு கொடுத்தாலும் போதாது. தன் எல்லைக்கு ஆபத்தில்லை என்று அவன் நம்பும் வரை படை நகராது. அதனால் பலவீனமான நாடு சுரங்கத்துக்குக் காவல் போட்டால் மட்டும் போதாது. தன் மண்ணில் அடுத்த வீட்டாரின் எதிரிக்கு இடம் கொடுக்காமலும் இருக்க வேண்டும்.